நானாக எதுவும் செய்ய மாட்டேன்

கொசு வந்து பிரிஸ்கில்லாவின் இடது கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே உட்கார்ந்தது. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அவள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊதுவத்திப் புகையும், பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனையும், நத்தம் ரோட்டில் போகிற பஸ்ஸின் இரைச்சலும் சன்னல் பக்கம் கலந்து கிடந்தன. கொசு அவசரமே இல்லாமல் வயிறு சிவந்து தொங்கும்வரை குடித்துவிட்டு, பாரம் தாங்காமல் தாழப் பறந்து திரைச்சீலைக்குப் பின்னால் போனது. பிரிஸ்கில்லாவின் உதடு ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. கன்னத்துச் சதைகூடத் துடிக்கவில்லை.

நாலடி தள்ளி, கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சகாயசெல்வி இதை முழுசாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிள்ளைக்கு இம்புட்டு பக்தி வந்துவிட்டதே என்று நினைத்தாள். பெருமையாக இருந்திருக்க வேண்டும், இல்லை. இரண்டு வருஷமாக அவளுக்குப் பெருமை, கோபம், அழுகை எதுவும் உரிய நேரத்துக்கு வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவளுக்குத் தன் மனசு இருந்தது. திரும்பி, கம்ப்யூட்டரில் விட்ட வேலையைத் தொடர்ந்தாள்.

அந்த இரண்டு வருஷத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் ராயப்பராஜ் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு லோடு எழுதுகிறவர். விடியுமுன் போனால் ராத்திரி பத்துக்குத்தான் திண்டுக்கல் திரும்புவார். மகள் படிப்புக்கென்று 2007-இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கையோடு பிராட்பேண்டும் இழுத்துப் போட்டார். படிப்பு வந்ததோ இல்லையோ, ஆட்டம் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஒன்பது பேர் இணையத்தில் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கிற ஆட்டம். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஆள் உண்டு. பிரிஸ்கில்லாவின் ஆள் நீலச் சட்டை போட்ட ஒரு சிறுமி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒவ்வொருவரும் மதிலில் தன் இடத்துப் பந்தத்தை ஏற்ற வேண்டும். மூன்று நாள் தவறினால் அந்த ஆள் அழிந்துபோகும். மொட்டைமாடியில் நின்றால் கண்ணுக்கு நேரே தெரிகிற மலைக்கோட்டைக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்கிற பெண், இல்லாத ஒரு கோட்டைக்காகச் சோறு தண்ணி மறந்தாள்.

வீட்டில் செபமாலையும் ஏழு மணிக்குத்தான். சகாயசெல்வி ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். 'கையக் கட்டு' என்ற ஒரு சொல்லில் நாற்பத்தைந்து பிள்ளைகளை உட்காரவைக்கிறவள், சொந்தப் பிள்ளையை ஒரு நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாமல் நின்றாள். அடித்துப் பார்த்தாள். வயரைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள், பிரிஸ்கில்லா இரண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. பங்குச் சாமியார் தலையில் கைவைத்து மந்திரித்துவிட்டு, அன்பாகச் சொல்லிப் பாருங்கள் என்றார். அன்பாகவும் சொல்லிப் பார்த்தாயிற்று. பிரிஸ்கில்லா திரையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். சடை நுனியைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, அம்மா முன்பாதி சொல்லி நிறுத்துகிற செபத்துக்கு, ரயில் வேகத்தில் பாதிச் சொல்லை முழுங்கி மறுமொழி சொல்லுவாள். 'மரண நேரத்திலும்' என்பது அவள் வாயில் 'மரணேர்த்லும்' ஆகிவிடும். இது ஒரு செபமா என்று சகாயசெல்வி கேட்டால், "அதான் சொல்லிட்டேன்லம்மா" என்பாள்.

அந்தப் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று, நாற்பது நாளைக்கு எதை ஒறுத்து விடப்போகிறோம் என்று பிள்ளைகள் ஒரு சீட்டில் எழுதி, பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரப்பெட்டியில் போடுவார்கள். யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, கோயில் வாசலில் மூட்டுகிற புது நெருப்பில் சீட்டுகளை அப்படியே கொட்டிவிடுவார்கள். கறி திங்க மாட்டேன், டிவி பார்க்க மாட்டேன் என்று எழுதுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. பிரிஸ்கில்லாவுக்குப் பதின்மூன்று வயசு. சாக்லேட் என்று எழுதி ஒப்பேற்றப் பார்த்தாள். சகாயசெல்வி விடவில்லை.

"ஆட்டத்த விடு. நாப்பது நாளுதான்."

"என் ஆளு செத்துரும்மா."

"ஒன் ஆள நான் பாத்துக்கிறேன். தெனமும் நானே ஏத்துறேன் ஒன் பந்தத்த."

பிரிஸ்கில்லா அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் அப்படி நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கோயில் வரிசையில் நிற்கும்போதே சகாயசெல்வி சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துகிற குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். 'நாற்பது நாளும் அம்மா சொன்னால் மட்டும் செய்வேன். நானாக எதுவும் செய்ய மாட்டேன்.'

"எல்லாமேவாம்மா?"

"எல்லாமேதான். எழுது."

எழுதினாள். கீழே முழுப்பெயரும் போட்டாள். சீட்டு பெட்டிக்குள் விழுந்த சத்தம் ஒரு துண்டுக் காகிதத்துக்கு உரிய சத்தமாக இல்லை என்று சகாயசெல்விக்குத் தோன்றியது. பின்னால் வரிசை நெருக்கியது. சாமியார் இரண்டு பேர் நெற்றியிலும் சாம்பல் பூசினார்.

முதல் வாரம் வீடு அமைதியாக இருந்தது. ஏழு மணிக்கு 'தொடங்கு' என்றதும் பிரிஸ்கில்லா முன்மொழி சொல்லிச் செபத்தைத் தொடங்குவாள். சகாயசெல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பட்டனை அமுக்குவது என்று தடுமாறி, நீலச் சட்டைச் சிறுமியை மதில்மேல் நடத்திப்போய்ப் பந்தத்தை ஏற்றிவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே மறுமொழி சொல்லுவாள். பத்து நிமிஷ வேலைதான். பந்தம் எரிகிற அந்த மஞ்சள் வெளிச்சமும், மதிலுக்கு அந்தப்பக்கம் காற்று வீசுகிற சத்தமும், ஒன்றும் கேட்காமல் ஒன்றும் எதிர்த்துப் பேசாமல் நிற்கிற அந்தச் சிறுமியும் மனசுக்கு இதமாகத்தான் இருந்தன. பத்து நிமிஷம் அரைமணி ஆயிற்று. பிறகு செபம் முடிகிறவரை ஆயிற்று.

கொசு கடித்தது ஒன்பதாம் நாள். அதற்கு நாலு நாள் கழித்துத் தோசை.

சகாயசெல்வி தோசை ஊற்றிக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் பேப்பர்க் கட்டு இன்னும் திருத்தவில்லையே என்ற யோசனையில் இருந்தாள். "சாப்பிடு" என்று சொல்லியிருந்தாள். தட்டில் போட்ட தோசை போய்க்கொண்டே இருந்தது. மாவுச் சட்டி அடி தெரிந்தபோதுதான் எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. பிரிஸ்கில்லாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் தண்ணி நின்றது, கை மட்டும் அடுத்த துண்டைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனது.

"போதும்மா" என்றாள் சகாயசெல்வி.

கை வாய்க்கு ஓரடி முன்னால் நின்றது. அப்படியே நின்றது. "கீழ வை" என்று சொன்ன பிறகுதான் இறங்கியது.

அதன்பிறகு கவனித்தாள். கவனித்தாள் என்றால், பயந்து அல்ல, வருகைப் பதிவேட்டில் குறிக்கிற மாதிரி. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், வெளியே வரச் சொன்னால்தான் தண்ணி விழுகிற சத்தம் நிற்கும். படுக்கச் சொன்னால் கண் மூடும். பாத்ரூம் போகச் சொல்ல மறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாடை நனைந்தபடி நின்றுகொண்டிருந்தாள். வேலை எதுவும் சொல்லாமல் விட்டால் கூடத்தில் அப்படியே நிற்பாள். அப்போது இருபது எண்ணுகிற நேரத்துக்கு ஒருதரம் உடம்பு இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கு மாறும், ஒரு தடவை கண் இமைக்கும். மறுபடி இருபது. இந்த அசைவை வேறு எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சகாயசெல்விக்கு இருந்தது. எங்கே என்று யோசிக்க அவள் விரும்பவில்லை.

ராயப்பராஜுக்கு ஏக சந்தோஷம். ராத்திரி வந்து கைலி மாற்றிக்கொண்டு, தூங்குகிற மகளைக் கதவோரம் நின்று பார்த்தார்.

"பரவால்லியே, புள்ள திருந்திருச்சே. நீ என்னமோ சும்மா பயந்த" என்றார்.

"இங்கேருங்க, அவ ஒரு மாதிரி இருக்கா."

"சொன்னபடி கேக்குது. அதத்தான நேர்ந்துக்கிட்ட? பெறகென்ன?"

நேர்ந்துகொண்டது வாஸ்தவம்.

மார்ச் கடைசியில் பிரிஸ்கில்லாவின் வகுப்பு டீச்சர் இசைவாணி போன் செய்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பிரிஸ்கில்லா மத்தியானத்துல சாப்டறதே இல்ல. பன்னெண்டு மணியில இருந்து ரெண்டு வரைக்கும் புள்ள ஒரு மாதிரி ஆயிருது. பேனாவப் புடிச்ச கை புடிச்சபடியே இருக்கு. கண்ணும் இமைக்கல. கூப்ட்டாலும் திரும்பல. மணி ரெண்டு ஆனதும் விட்ட எழுத்துல இருந்து எழுத ஆரம்பிக்கிறா."

சாப்பாட்டு டப்பா தினமும் கொண்டுபோனபடியே கனமாகத் திரும்பி வருவதை சகாயசெல்வி அறிவாள். "தவக்காலம்ல டீச்சர். ஒருசந்தி இருக்கா" என்றாள். பொய் அவள் வாயிலிருந்து சரளமாக வந்தது, நல்ல கிறிஸ்தவத் தாயின் குரலில். போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தாள். கரண்ட் கட் நேரத்தை அவளே அதில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். ஞாயிறு தவிர தினமும், பன்னிரண்டு முதல் இரண்டு.

காலண்டருக்குக் கீழே மேசையில் இணையப் பெட்டியின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சகாயசெல்வி இருபது வரை எண்ணினாள். கூடத்தில் நின்ற பிரிஸ்கில்லாவின் உடம்பு இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கு மாறியது.

அன்று சாயங்காலம் ஆட்டத்தைத் திறந்தபோது, நீலச் சட்டைச் சிறுமி முந்தின நாள் விட்ட இடத்தில் இல்லை. மதிலின் ஓரத்தில், இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சும்மா விட்டால் ஆட்டத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற அசைவு ஒன்று உண்டு, இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கு. மற்ற எட்டுப் பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இவள் செய்யவில்லை. இவள் சடையை முன்னால் இழுத்துப்போட்டு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சகாயசெல்வியின் கை மவுஸில் இருந்தது. அவள் எதையும் அமுக்கவில்லை. பின்னால் மாதா படத்துக்கு முன்னால், ஒரு சொல் பிசகாமல், ஒரே ஏற்றத்தில், செபம் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளே கோயிலுக்குப் போனாள். உபதேசியார் ஆண்டனிராஜ் குருத்து ஞாயிறுக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். சுருங்கச் சொல்லி, பிள்ளையின் சீட்டைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றாள்.

"சாவி சாமிட்ட இருக்கு டீச்சர். அவரே கேட்டாலும் தொறக்க மாட்டாரு" என்றார் அவர், ஓலையிலிருந்து கையை எடுக்காமல். "ஆண்டவருக்குக் குடுத்தத எப்பிடித் திருப்பி வாங்குறது? செத்த பொறுங்க. சனிக்கெழம எரிச்சிட்டா முடிஞ்சிரும்ல."

பெட்டி பீடத்தருகில் இருந்தது. சின்னப் பூட்டுத்தான். எரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று வாசல்வரை நினைத்துக்கொண்டு வந்தாள். வாசலில், கரி படிந்த அந்த நெருப்புக் குழியைப் பார்த்ததும், எரித்துவிட்டால் பிறகு மாற்றி எழுத ஒன்றும் இருக்காதே என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிப்பிடித்தாள். பிரிஸ்கில்லாவின் கைகள் பக்கவாட்டில் தொங்கின.

"அம்மாவக் கட்டிக்க."

கட்டிக்கொண்டாள். விடச் சொல்லும்வரை, விலா எலும்பு வலிக்க வலிக்க, கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்தில் பிள்ளை வாசனையே இல்லை. வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் வாளியின் வாசனைதான் இருந்தது. சகாயசெல்விக்கு அப்போதுதான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக, தன் மகள் வேண்டும் என்று இருந்தது. எதிர்த்துப் பேசுகிறவள், சொல்லை முழுங்குகிறவள், 'சொல்லிட்டேன்லம்மா' என்கிறவள். அவள்தான் வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. ஏழு மணி. சன்னலுக்கு வெளியே வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. சொன்னதும் பிரிஸ்கில்லா முழங்காலில் நின்று தொடங்கினாள். சகாயசெல்வி ஆட்டத்தைத் திறந்தாள். அன்று மதிலில் எட்டுப் பந்தம் எரிந்தது. ஒன்பதாவது இடத்தில் சிறுமி இல்லை. தேடினாள். திரையின் கீழோரத்தில், கண்ணாடிக்கு மிக அருகில், முகம் மட்டும் தெரிய நின்றாள். அந்த முகத்தில், இடது கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரு சிவந்த தடிப்பு இருந்தது. கொசுக்கடி.

சிறுமி அதைச் சொறிந்தாள்.

ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிப் பேச, அடியில் ஒரு பட்டை உண்டு. அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது, ஒவ்வொரு எழுத்தாக.

அம்மா பசிக்கிது.

சகாயசெல்வி வலதுகை ஆள்காட்டி விரலால் தேடித்தேடி அடித்தாள். யாரு.

நாந்தாம்மா. இங்க யாரும் சோறு போட மாட்டேங்கறாங்க.

பின்னால் குரல் செபமாலையின் அடுத்த மணிக்குப் போனது. அருள் நிறைந்த மரியே வாழ்க. அதே ஏற்றம். அதே இடைவெளி. பட்டையில் எழுத்து மறுபடி நகர்ந்தது.

அம்மா. அங்க செபம் சொல்றது யாரு?

கரண்ட் போனது.

கட் நேரம் இல்லை. எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம், தெருவே இருண்டது. திரை கறுத்தது. மின்விசிறி சுற்றி, தளர்ந்து, நின்றது. பச்சை விளக்கு இல்லை.

"கர்த்தர் உம்முட—"

குரலும் நின்றது.

சகாயசெல்வி இருபது எண்ணினாள். பிறகு இன்னொரு இருபது. தீப்பெட்டி மாதா படத்தடியில்தான் இருந்தது. அதை எடுக்க மகளைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டினாள். முட்டி இடித்தது. அது இடித்த மகளின் தோள் விறைப்பாக இருந்தது. மெழுகுவத்தி ஏற்றித் திரும்பினாள்.

வாய் பாதி திறந்திருந்தது. சொல்லின் நடுவில், நாக்கு மேலே ஒட்டியபடி. கண் திறந்திருந்தது. அதில் சுடர் தெரிந்தது. மூக்கருகே விரல் வைத்தாள். காற்று இல்லை.

"பிரிஸ்கி. எந்திரி."

இல்லை.

"அம்மா சொல்றேன்ல. எந்திரி."

இல்லை.

பாதியில் நிற்கிற செபத்தை அப்படியே விடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளின் விரலிலிருந்து செபமாலையை உருவினாள். மரத்துப்போன வாயால், விட்ட இடத்திலிருந்து சொன்னாள். உம்முடனே. மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். நிறுத்தினாள். மறுமொழி யார் சொல்வது.

கம்ப்யூட்டர் பக்கமிருந்து வந்தது.

கரண்ட் இல்லாத பெட்டியிலிருந்து. சன்னமாக. ரயில் வேகத்தில், பாதிச் சொல்லை முழுங்கி, பசியில் கம்மிப்போன குரலில்.

"...ச்சிஷ்ட மரியாயே... இப்பவும் எங்க மரணேர்த்லும்... மென்."

சகாயசெல்வி முழங்காலிலேயே அந்தப் பக்கம் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடியில் மெழுகுவத்தி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. "பிரிஸ்கி" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. "அம்மா இங்கதான் இருக்கேன் தங்கம்" என்றாள். இல்லை. அடுத்த மணியைப் பிடித்து, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். முடித்ததும் அந்தக் குரல் வந்தது.

செபத்துக்கு மட்டும்தான் வந்தது.

ஐம்பத்துமூன்று மணி. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது, மதிலின் அந்தக் கோடியிலிருந்து. அவள் வேகமாகச் சொன்னாள். சொற்களை முழுங்கிச் சொன்னாள்.

சன்னல் திறந்தே கிடந்தது. இருட்டு விழுந்த நேரம். கொசுக்கள் உள்ளே வந்தன. அவள் முதுகுக்குப் பின்னால், முழங்காலில் நிற்கிற ஒன்றைச் சுற்றி, அவற்றின் ரீங்காரம் கூடிக்கொண்டே போனது. பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. உட்கார்ந்துவிட்டன.

விரட்டுகிற கை அங்கே இல்லை. சகாயசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மணியைப் பிடித்தாள்.